மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றைக் குறித்து: பணிநேர அட்டவணை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் மருத்துவமனைகள், கிடங்குகள், தொழிற்சாலைகள், பள்ளி மாவட்டங்கள் ஆகியவற்றில் பணிநேரத்தை வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை இரண்டு மணியைக் காட்ட வேண்டிய கடிகாரம் மூன்று மணியைக் காட்டுகிறது. அரிசோனாவின் பெரும்பகுதியையும் ஹவாயையும் தவிர்த்து எல்லா மாநிலங்களிலும் இது நடக்கிறது. அதற்கு முந்தைய வாரம் நான் பணிபுரியும் மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்க மறக்க வேண்டாம், தாமதமாக வருவதற்கு இதைக் காரணமாகச் சொல்ல இயலாது என்பதே அதன் சாரம். ஆய்வகத்தில் இரவுப்பணி பார்த்துவரும் இத்தனை ஆண்டுகளில் அந்தத் தாளைத் தவிர வேறெந்த ஏற்பாட்டையும் நான் கண்டதில்லை. கடிகாரத்தை மாற்றுவது சட்டம். ஆனால் அதற்கு மறுநாளான திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். ஆகவேதான் இம்மடலை வாஷிங்டனுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடிகாரத்தை இப்படி மாற்றுவதா வேண்டாமா என்று வாஷிங்டனில் நடக்கும் விவாதம் பழையது. 1974 ஜனவரியில் கோடைக்கால நேரத்தையே, அதாவது ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய நேரத்தையே, ஆண்டு முழுவதற்கும் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது என்ற எதிர்ப்பு எழவே, அந்த ஆண்டு அக்டோபரிலேயே அதைக் கைவிட்டார்கள். 2022 மார்ச்சில் கோடைக்கால நேரத்தை நிலையாக்கும் சட்டவரைவைச் செனட் சபை எதிர்ப்பேதுமின்றி நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமோ 2020-இல் இதற்கு நேர்மாறாக, முன்னே நகர்த்தாத இயல்பு நேரமே ஆண்டு முழுவதும் இருக்கட்டும் என்றது. மாலை வெளிச்சம் நீள்வதால் நடந்து செல்வோர் அடிபடுவது குறைகிறது என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. இவ்விவாதத்தில் எந்தப் பக்கமும் நான் சேரவில்லை. அது தீரும் வரை திங்கட்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதே என் கவலை.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்து ஆய்வாளர்கள், 1996 முதல் 2017 வரை நாடெங்கும் பதிவான 7 லட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரிழப்பு விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வசந்தகால மாற்றத்தை அடுத்த பணி வாரத்தில் உயிரைப் பறிக்கும் சாலை விபத்துகள் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுகின்றன. அந்த ஒரு வாரத்தின் பொருட்டு ஆண்டுக்குச் சுமார் 28 விபத்துகள் மிகையாக நேர்கின்றன. மார்ச் மாதத்து மழையும் பனியும் இதற்குக் காரணமாக இருக்கலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அதற்கு அந்த ஆய்விலேயே விடை இருந்தது. 2007-க்கு முன்பு கடிகாரம் ஏப்ரலில் மாற்றப்பட்டு வந்தது. அப்போது விபத்துகளின் ஏற்றமும் ஏப்ரலில்தான் இருந்தது. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தால் 2007 முதல் மாற்றம் மார்ச்சுக்கு வந்தபோது, அந்த ஏற்றமும் கூடவே மார்ச்சுக்கு வந்துவிட்டது. காலை வேளையில் அது மிகுதியாகவும், நேர மண்டலங்களின் மேற்கு ஓரத்தில், அதாவது கடிகாரப்படி சூரியன் தாமதமாக உதிக்கும் பகுதிகளில், 8 விழுக்காடு வரையிலும் இருந்தது.

ஒரு மணி நேரத் தூக்கம் போனால் என்ன, வார இறுதியில் சினிமா பார்த்து அதைவிட அதிகமாக விழிக்கிறோமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்குகிறவருக்கு அது பெரிய இழப்பில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அட்டவணையில் காலை ஆறு மணிக்கு வர வேண்டியவர் யார் என்று பாருங்கள். அவர் நான்கரைக்கு எழுகிறார். பிள்ளைகள் உறங்கிய பிறகே படுக்கிறார். எல்லா வாரமும் ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் காலம் தள்ளுகிறார். சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஏஏஏ அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட ஆய்வு, விபத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஓட்டுநர் எவ்வளவு தூங்கினார் என்பதைக் கணக்கிட்டது. ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவரோடு ஒப்பிட்டால், ஆறிலிருந்து ஏழு மணி நேரம் தூங்கியவருக்கு விபத்து அபாயம் 1.3 மடங்கு, ஐந்திலிருந்து ஆறு என்றால் 1.9 மடங்கு, நான்கிலிருந்து ஐந்து என்றால் 4.3 மடங்கு, நான்குக்கும் கீழே போனால் 11.5 மடங்கு. இந்த எண்கள் படிப்படியாக ஏறவில்லை, கீழே போகப் போகச் செங்குத்தாக எழுகின்றன. ஏழிலிருந்து ஒரு மணி நேரத்தை இழப்பவருக்கும் ஐந்தரையிலிருந்து ஒரு மணி நேரத்தை இழப்பவருக்கும் கடிகாரம் எடுத்துக்கொள்வது ஒரே அளவுதான். இரண்டாமவரின் அபாயமோ இரட்டிப்புக்கும் மேலாகிவிடுகிறது. அதிகாலைப் பணிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முந்தைய இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்துவிட்டால் தீர்ந்தது என்ற அறிவுரையை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். சொல்வதற்கு எளிதாக இருக்கிறதே தவிர, உடல் அதற்கு இணங்குவதில்லை. வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரம், நாள் முழுவதிலும் தூக்கம் வருவதற்கு மிகவும் கடினமான வேளை. உடற்கடிகாரம் நம்மை விழிப்பில் பிடித்து நிறுத்தும் கடைசிக் கட்டம் அது. விளக்கை அணைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம், அவ்வளவுதான். மேலும், அந்தக் கடிகாரத்தைத் திருத்துவது சுவரில் உள்ள முள் அன்று, கண்ணில் விழும் வெளிச்சம். காலை வெளிச்சம் அதை முன்னே இழுக்கிறது. மாலை வெளிச்சம் பின்னே தள்ளுகிறது. மார்ச் மாற்றத்தில் இவ்விரண்டுமே நமக்கு எதிராகத் திரும்புகின்றன. ஆறரை மணிக்கு விடிந்துகொண்டிருந்த ஊரில் திடீரென ஏழரைக்குத்தான் விடிகிறது. மாலையிலோ வெளிச்சம் ஒரு மணி நேரம் நீடித்து நின்று உறக்கத்தை இன்னும் தள்ளிப்போடுகிறது. உடல் சரியாகிவிட ஒரு நாள் போதாமல் வாரம் முழுவதும் ஆவதற்கு இதுவே காரணம்.

பணியிடத்துக்குள் நடப்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மாற்றத்துக்கு மறுநாள் அமெரிக்கர்கள் சராசரியாக 40 நிமிடம் குறைவாகத் தூங்கியது தெரியவந்தது. அந்தத் திங்கட்கிழமைகளில் சுரங்கத் தொழிலாளர்களின் காயங்கள் 5.7 விழுக்காடு கூடியிருந்தன. காயத்தால் இழந்த வேலை நாட்களோ 67.6 விழுக்காடு கூடியிருந்தன. காயங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் கடுமைதான் ஏறியிருக்கிறது என்று இதற்குப் பொருள். கண் சொக்குகிறவருக்குச் சின்னத் தவறுகள் மட்டும் நேர்வதில்லை. கையை எடுக்க வேண்டிய கடைசி நொடியில் கை எழுவதில்லை.

சாலையிலும் இதேதான். தூக்கக் கலக்கத்தில் நேரும் விபத்துகளில் பிரேக் பிடித்த தடமே பெரும்பாலும் இருப்பதில்லை. வண்டி தன் வேகத்திலேயே சாலையை விட்டு இறங்குகிறது, அல்லது எதிர்த்தடத்துக்குப் போகிறது. மணிக்கு 65 மைல் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு 95 அடி கடக்கிறது. நான்கு வினாடிக் குறுந்தூக்கம் என்றால் 380 அடி. அந்தத் தொலைவு முழுவதிலும் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. ஓட்டியவருக்குத் தாம் தூங்கியதே தெரியாமல் போவதும் உண்டு. குடித்தவரைக் கண்டறிய ஊதச் சொல்லும் கருவி இருக்கிறது. உறக்கத்தைக் கண்டறிய அப்படி ஒன்று இல்லை. மோதலின் அதிர்ச்சியில் எல்லோரும் விழித்துக்கொண்டுதான் காவலரோடு பேசுகிறார்கள். ஆகவே காவல்துறை அறிக்கைகளில் தூக்கம் காரணமாகக் குறிக்கப்படுவது ஒன்றிரண்டு விழுக்காடு விபத்துகளில்தான். வண்டிக்குள் பொருத்திய ஒளிப்படக் கருவிகளின் பதிவுகளைப் பார்த்து ஏஏஏ அறக்கட்டளை 2018-இல் கணக்கிட்டபோது, அது ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்தது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2017-ஆம் ஆண்டுக்குத் தரும் மதிப்பீடான 91,000 விபத்துகள், சுமார் 50,000 காயங்கள், ஏறக்குறைய 800 இறப்புகள் என்பதையும், இந்தக் குறைவான பதிவின் மேல் கட்டப்பட்டது என்ற நினைவோடுதான் படிக்க வேண்டும்.

இரவுப்பணியாளர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களில் நானும் ஒருவன். 2016-இல் வெளியான ஒரு பரிசோதனையில், இரவுப்பணியாளர்கள் 16 பேரை, பாதுகாப்பான சோதனைச் சாலையில் மெய்யான வண்டியை இரண்டு மணி நேரம் ஓட்டச் செய்தார்கள்: ஒரு முறை இரவு நன்கு உறங்கிய பின், மற்றொரு முறை இரவுப்பணி முடித்த பின். உறங்கிவிட்டு ஓட்டியபோது ஒருவருக்கும் மோதலுக்கு நெருங்கிய நிலை ஏற்படவில்லை. பணி முடித்து ஓட்டியபோது 6 பேருக்கு ஏற்பட்டது. உடன் அமர்ந்திருந்தவர் குறுக்கிட வேண்டியிருந்தது. 7 பேரின் ஓட்டத்தைப் பாதுகாப்புக் கருதிப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இது ஆண்டின் எந்த நாளுக்கும் பொருந்தும் நிலை. இதன்மேல்தான் மார்ச் மாதத்து ஒரு மணி நேரம் வந்து ஏறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வாரத்தில், பணி முடித்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, நெடுஞ்சாலையிலிருந்து எந்த இடத்தில் விலகினேன் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. சாலை விளிம்பில் செதுக்கியிருக்கும் பள்ளங்கள் சக்கரத்தின் கீழ் ஒரு முறை உறுமியது மட்டும் நினைவில் இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதால் அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். கடிகாரம் ஒரேயடியாகத் தாவுகிறது என்பதற்காக அட்டவணையும் அதே இரவில் தாவ வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எட்டு மணி நேரப் பணிமுறைகள் மூன்று சுழலும் இடத்தை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வந்தவர், இன்றைய வழக்கப்படி புதிய ஏழு மணிக்கு, அதாவது ஏழு மணி நேரம் மட்டும் வேலை பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். அவரை விடுவிக்க வருகிறவர் ஒரு மணி நேரத் தூக்கத்தைத் துறந்து வருகிறார். அதற்கு மாறாக, ஞாயிறு காலைக் கைமாற்றத்தை, அதாவது ஒருவர் பணியை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரத்தை, புதிய எட்டு மணிக்கு வைத்துப் பாருங்கள். உடலளவில் அது பழைய ஏழு மணியே. யாரும் எதையும் இழக்கவில்லை. திங்கள் காலைக் கைமாற்றம் 7.40, செவ்வாய் 7.20, புதன் 7.00. மற்றப் பணிமுறைகள் எட்டு மணி நேரமாகவே நிற்க, ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஆகிய மூன்று இரவுப்பணிகள் மட்டும் ஒவ்வொன்றும் 20 நிமிடம் குறையும். தூக்க மருத்துவர்கள் தனிமனிதருக்குச் சொல்லும் அறிவுரையும், மாற்றத்துக்குச் சில நாட்கள் முன்பிருந்தே நாளுக்கு 15, 20 நிமிடமாக உறக்கத்தை நகர்த்துங்கள் என்பதுதான். காலையில் வந்து சேர வேண்டிய நேரம் நகராமல் உறக்கத்தை நகர்த்தச் சொல்வது பயனளிக்காததால், அந்த நகர்வை அட்டவணையே செய்யட்டும் என்கிறேன்.

கூலியைப் பற்றி மேலாளர்கள் கேட்பார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கூலி பெறுவோருக்கு உண்மையில் வேலை செய்த நேரத்துக்கே ஊதியம் கட்டாயம். ஆகவே மாற்றத்து இரவில் வேலை பார்ப்பவர் பல இடங்களில் ஏழு மணி நேரத்துக்கே சம்பளம் பெறுகிறார். நான் சொல்லும் முறையில் அந்த ஒரு மணி நேரம் மூன்று இரவுகளுக்குப் பிரிகிறது, அவ்வளவே. அந்த இருபது நிமிடங்களுக்கும் சேர்த்து ஊதியம் கொடுத்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறை, இரவுப்பணியிடம் ஒன்றுக்கு ஒரு மணி நேரக் கூலி. ஒரே ஓர் ஊழியர் விபத்தில் சிக்கி விடுப்பில் கிடந்தால், அவருடைய இடத்தை நிரப்பக் கொடுக்கும் மிகைநேரக் கூலி இதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பள்ளி புதிய நேரத்துக்குத் தாவிவிட்டால், பணியிடம் மட்டும் மெல்ல நகர்வதில் பாதிப் பயன் போய்விடும். அதனால்தான் பள்ளி மாவட்டங்களையும் இம்மடலில் சேர்த்தேன். பனி கொட்டினாலோ மூடுபனி அடர்ந்தாலோ, இரண்டு மணி நேரத் தாமதம் என்று விடிகாலையில் ஓர் அறிவிப்பை அனுப்பி, பேருந்து, உணவு, வகுப்பு எல்லாவற்றையும் தள்ளிவைக்கும் நடைமுறை பல மாவட்டங்களில் ஏற்கெனவே கைவந்த கலையாக இருக்கிறது. வானிலைக்கு முந்தைய நாள் வரை உறுதி கிடையாது. கடிகார மாற்றமோ எந்த நாளில் வரும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. அந்தத் திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களுக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்று ஆண்டு நாட்காட்டியிலேயே அச்சிட்டுவிடலாம். பதின்பருவத்தினரின் உடற்கடிகாரம் இயல்பிலேயே பின்தங்கி ஓடுவது என்பதை ஏற்று, கலிபோர்னியா 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை எட்டரைக்கு முன் தொடங்கலாகாது என்று சட்டமாக்கியிருக்கிறது. புதிதாக உரிமம் பெற்ற பதினாறு, பதினேழு வயதினர் அந்த இருட்டான காலையில் தாமே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள் என்பதை மாவட்டக் குழுவினர் ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்குத் தனியாக ஒன்று. பயிற்சி மருத்துவர்கள் களைப்பால் வண்டி ஓட்ட இயலாத நிலையில் இருந்தால், அவர்கள் உறங்க இடமும், பாதுகாப்பாக வீடு திரும்ப வழியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது, முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு ஏற்பளிக்கும் தேசிய அமைப்பின் விதி. அதற்கான ஓய்வறையும் வாடகை வண்டி ஏற்பாடும் பல மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அதே கூரையின் கீழ் அதே இரவு முழுவதும் விழித்திருந்த செவிலியருக்கும், ஆய்வகப் பணியாளருக்கும், தரை துடைப்பவருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. மருத்துவரின் கண் மட்டுமா சொக்கும்? குறைந்தது மார்ச் மாதத்து அந்த ஒரு வாரத்துக்காவது அந்த ஏற்பாட்டை எல்லோருக்கும் விரித்துத் தாருங்கள்.

சரக்கு வண்டி ஓட்டுநர்களுக்கு விதி சற்று நன்றாகவே பாதுகாப்பளிக்கிறது. பத்து மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பிறகே பதினோரு மணி நேரம் ஓட்டலாம் என்ற கூட்டாட்சி விதியில், ஓய்வு உண்மையாகக் கழிந்த மணிகளால் அளக்கப்படுகிறது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இறங்கியவர் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடி ஏறினால் ஒன்பது மணி நேரமே ஓய்ந்திருப்பார்; விதிப்படி அவர் ஏழு மணி வரை காத்திருக்க வேண்டும். வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் உள்ளவர்கள் இதைக் கவனித்தாலே போதும். சொந்தக் காரில் வேலைக்கு வந்துபோகும் கோடிக்கணக்கானவர்களுக்கோ இப்படி எண்ணிக் கொடுக்கும் விதி எதுவும் கிடையாது. நியூ ஜெர்சி 2003-இல் இயற்றிய சட்டம், 24 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் ஓட்டி ஒருவரைக் கொன்றவரைப் பொறுப்பற்று ஓட்டியவராகக் கருத வழி செய்தது. நல்ல சட்டம்தான், ஆனால் அது உயிர் போன பிறகு, ஓட்டியவரை நோக்கி மட்டும் கைநீட்டுகிறது.

நவம்பரைப் பற்றிச் சுருக்கமாக. தேசியத் தூக்க அறக்கட்டளை நடத்தும், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைத் தடுக்கும் விழிப்புணர்வு வாரம் நவம்பர் தொடக்கத்தில், கடிகாரம் பின்னே போகும் நாளையொட்டி வருகிறது. பணியிடங்களில் சுவரொட்டிகளும் அப்போதுதான் வருகின்றன. மேலே சொன்ன கொலராடோ ஆய்வில் இலையுதிர்கால மாற்றத்தை அடுத்த வாரத்தில் மொத்த உயிரிழப்பு விபத்துகள் கூடவில்லை. கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலோர் தூங்கிக் கழிப்பதில்லை என்றாலும், எவரும் அதை இழப்பதுமில்லை. நவம்பருக்கு இரண்டே கவலைகள்: மாலையில் வீடு திரும்பும் வேளை திடீரென இருட்டிவிடுவது ஒன்று, இரவுப்பணி அன்று ஒன்பது மணி நேரமாக நீள்வது மற்றொன்று. இரண்டாவதை, கைமாற்றத்தைப் புதிய ஆறு மணிக்கு முன்தள்ளி நீங்களே தீர்த்துவிடலாம். சுவரொட்டிகளில் பாதியையாவது மார்ச்சுக்கு எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சுவரொட்டிகளில் எழுதப்படுவதையும் ஒரு முறை பாருங்கள். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதோ, பாட்டைச் சத்தமாக வைப்பதோ உறக்கத்தை நிறுத்துவதில்லை. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒன்றிரண்டு கோப்பைக் காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணயர்வது சிறிது நேரத்துக்கு உதவும்; காபி உடலில் ஏறுவதற்கே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆவதால், அந்த இடைவெளியில் தூங்கிவிடச் சொல்கிறார்கள். பணியிடத்தின் வண்டி நிறுத்தத்திலேயே ஒருவர் அப்படித் தூங்கினால், காவலாளி கண்ணாடியைத் தட்டி எழுப்பி அனுப்பாமல் இருப்பதற்கு உங்கள் கையொப்பமிட்ட ஒரு வரி தேவைப்படும்.

மார்ச் மாதத்துக்கான அட்டவணை பெரும்பாலான இடங்களில் பிப்ரவரி நடுவில் வகுக்கப்படுகிறது. எங்கள் துறையின் அடுத்த அட்டவணைக் கூட்டத்தில் மேலே சொன்ன 8.00, 7.40, 7.20, 7.00 என்ற நான்கு நேரங்களையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவரப்போகிறேன். உங்கள் இடத்தில் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்றால், எந்தக் கைமாற்றத்தில், எந்த நாளில் இடிக்கிறது என்று குறித்துப் பகிர்ந்தால், அதையும் திருத்திச் சேர்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
இரவுப்பணி முடித்து வண்டி ஓட்டி வீடு திரும்பும் ஓர் ஆய்வகப் பணியாளர்